தையில் வந்த சித்திரை

என் மனைவி தமிழ்ச்செல்விக்குக் காலண்டரில் பிடிக்காத மாதம் ஒன்று உண்டு. அது சித்திரை. பிடித்த மாதம் என்று தனியாக எதுவும் கிடையாது. சித்திரையாக இல்லாத வரைக்கும் எந்த மாதமும் அவளுக்குச் சம்மதம்தான்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். நான் ராஜமாணிக்கம், ஜில்லா கோர்ட்டில் டைப்பிஸ்ட். அவள் வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். அளவு ரவிக்கை கொண்டுவர மறந்த பெண்களைக்கூட அவள் திருப்பி அனுப்புவதில்லை. ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியை வெட்டிவிடுவாள். தைத்தது சரியாகத்தான் இருக்கும். தான் வெட்டியது தப்பு என்று அவள் ஒப்புக்கொண்டதை இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நமக்கு ஆறு பருவம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கடலூரில் நான் பார்த்தது மூன்றுதான்: வெயில், புழுக்கம், புயல். இதில் வெயில்தான் தமிழ்ச்செல்விக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு.

எண்பத்தெட்டாம் வருடம் சித்திரையில் எங்களுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அவளுக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவத்தை எங்கள் சிதம்பரம் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அந்த வீட்டில் என் அத்தை சௌந்தரம் வைத்ததுதான் சட்டம். பச்சை உடம்புக்கும் பச்சைப் பிள்ளைக்கும் காற்றுப் படக் கூடாது என்றாள். உள்ளறையின் ஒரே சன்னலை மூடச் சொன்னாள். மூடியவன் நான். குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, தலைக்குக் குல்லா போட்டு, தாய்க்குத் தண்ணீரைக் கூட அளந்துதான் கொடுத்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். அக்னி நட்சத்திரம் பிறந்தது. குழந்தை பால் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டே இருந்தான். நல்ல பிள்ளை, அழவே இல்லை என்று வந்தவர்கள் மெச்சினார்கள். பதினோராம் நாள் இறந்துபோனான். பேர் கூட வைக்கவில்லை.

சித்திரையில் பிறந்ததுதான் குற்றம் என்று எல்லோரும் சொன்னார்கள். தமிழ்ச்செல்வியும் அதையே பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய தங்கை எழிலரசிக்கு அப்போது எட்டு வயது. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த மாமனார் அவளை எங்களிடம் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து எழிலரசிதான் எங்கள் வீட்டுப் பெண். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்த்துப் படிக்க வைத்தோம்.

இரண்டாயிரத்து ஏழு வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கதிர்வேல், மேல்பட்டாம்பாக்கத்துப் பையன், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. தாலி கட்டிய மூன்றாம் வாரம் அவர் விமானம் ஏறிவிட்டார். எழிலரசிக்கு விசா வந்தது ஆடி மாதத்தில். அங்கேதான் பிடித்தது சண்டை.

ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். ஆடியில் தங்கினால் சித்திரையில் பிறக்கும், சித்திரை வெயில் தாய்க்கும் பிள்ளைக்கும் தாங்காது என்பது கணக்கு. கதிர்வேலோ ஆடி பத்துக்கு டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார்.

"ஆவணி ஒண்ணாந்தேதி ஏத்தி வுடறேன். அதுக்கு முன்னாடி என் தங்கச்சி வாசப்படி தாண்டமாட்டா" என்று போனிலேயே சொல்லிவிட்டாள் தமிழ்ச்செல்வி.

"அண்ணி, இங்க சித்திரைன்னா குளிர் ஆரம்பிக்கிற நேரம். மரத்து எலையெல்லாம் செவந்து கொட்டும். வெயிலுன்னு பேச்சே கெடயாது" என்றார் கதிர்வேல்.

"ஊரு மாறுனா மாசம் மாறிடுமா?"

"மாசம் மாறாது அண்ணி. வெயில் மாறிடுது. பூமிக்கு அந்தப் பக்கம் நாங்க இருக்கோம்."

"எந்தப் பக்கம் இருந்தாலும் சூரியன் ஒண்ணுதான" என்று சொல்லிவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தாள். அவளுக்குப் பயம். பயத்தை அவள் கோபமாகத்தான் காட்டுவாள். அது எனக்குத் தெரியும், கதிர்வேலுக்குத் தெரியாது. ஆடி மாதத்தை நானே கண்டுபிடித்துவிட்டது போல அவர் என்னிடம் ஒரு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை. எழிலரசி ஆவணி இரண்டாம் தேதிதான் போனாள்.

அவள் போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் கடலூர் வெயிலையும் மெல்போர்ன் வெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பேன். எழிலரசி போன் செய்தால் என் முதல் கேள்வி, இன்றைக்கு எத்தனை டிகிரி என்பதுதான். "மாமா நல்லாருக்கியான்னு கேக்கறதே டிகிரியிலதான்" என்று சிரிப்பாள். கடலூர் முப்பத்தாறு, மெல்போர்ன் பதின்மூன்று. கடலூர் மழை, மெல்போர்ன் இருபது. ஒரே நாளில் காலையில் ஸ்வெட்டர், மதியம் பருத்தி, சாயங்காலம் குடை என்று அந்த ஊர் ஆளைப் படுத்துகிறது என்றாள். அங்கே ஒன்றாம் தேதி பார்த்துத்தான் பருவத்தையே தொடங்குவார்களாம். டிசம்பர் ஒன்று என்றால் கோடை. கவர்மெண்ட் ஆர்டர் மாதிரி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஆவணியில் எழிலரசி உண்டாகியிருக்கும் செய்தியை உறுதிப்படுத்திச் சொன்னாள். நாள் குறித்தது தை மாதத்தில். தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கோர்ட்டுத் தீர்ப்பே இருந்தது.

"பாத்தீங்களா? நான் புடிச்சி நிறுத்துனதுனாலதான் எல்லாம் ஒழுங்கா வந்துருக்கு. தை மாசத்துப் புள்ள. பனியில பொறக்கும்."

"தையில அங்க வெயில் காலம்னு சொல்றாங்க."

"அவுங்க சொல்ற வெயில் நம்ம மார்கழி வெயிலா இருக்கும். நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே, இருவது இருவத்தஞ்சின்னு."

அது உண்மைதான். என் காலண்டர் தாள்களே அவளுக்குச் சாட்சி சொல்லின. நானும் தலையாட்டினேன். அந்த ஐப்பசி, கார்த்திகையில் கடலூரே மழையில் ஊறிக்கிடந்தது. அவள் வாசலைச் சாத்திக்கொண்டு தைத்தாள். ஃபிளானல் துணியில் சட்டை பன்னிரண்டு, பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைச் சட்டை நான்கு, காது மூடும் குல்லா எட்டு. வெளிநாடு என்றால் குளிர், தை என்றாலும் குளிர். இரண்டு குளிரைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்று அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள்.

அம்மா இல்லாத பெண்ணுக்கு அக்காதான் பிரசவம் பார்க்கவேண்டும். பொங்கல் முடிந்த மறுநாள் அவளை விமானம் ஏற்றினேன். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மெல்போர்ன் விமான நிலையத்தில் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, பிரசவ மருந்துப் பொடியில் பாதியை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். குல்லாக்களை யாரும் தொடவில்லை.

தை பதினொன்றாம் தேதி எழிலரசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அறிவுமதி என்று பேர் வைத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு மறுநாள் தமிழ்ச்செல்வி போன் செய்தாள். குரலே சரியில்லை.

"என்னங்க, இங்க வெயில் அடிக்குதுங்க. நம்ம வெயில் மாரி இல்ல. நமக்காச்சும் வேர்க்கும். இது வேர்க்கவே மாட்டேங்குது. அடுப்புக்குள்ள தலய வுட்டாமாரி இருக்கு. எட்டு மணியாவுது, இன்னும் சூரியன் எறங்கல."

"எத்தனை டிகிரி?"

"நாப்பத்திமூணாம்."

நான் நின்றபடியே காலண்டர் ஓரத்தில் எழுதினேன். கடலூர் முப்பது. மெல்போர்ன் நாற்பத்து மூன்று. கடலூர்ச் சித்திரையில் நாற்பத்தொன்று ஏறினால் நாங்கள் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்திவிடுவோம். மறுநாள் அங்கே நாற்பத்து நான்கு. இவ்வளவு பாடுபட்டு ஆடியைத் தாண்டி வந்த குழந்தையைத் தையில் வந்து பிடித்துக்கொண்டது சித்திரை.

இனி நடந்ததை அவளும் எழிலரசியும் சொல்லித்தான் அறிந்தேன்.

தமிழ்ச்செல்விக்குத் தெரிந்த பிரசவ முறை ஒன்றே ஒன்று, சிதம்பரத்தில் தனக்கு நடந்தது. அதையே அவள் அங்கும் செய்தாள். ஏசி காற்று ஒத்துக்கொள்ளாது என்று தாயையும் பிள்ளையையும் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். குழந்தைக்கு ஃபிளானல் சட்டையும் அதற்கு மேல் மெத்தைச் சட்டையும் குல்லாவும் போட்டு, மேலே துணி சுற்றினாள். எழிலரசி கேட்ட தண்ணீரை அரை டம்ளராகக் கொடுத்தாள். அக்கா சொன்னால் எழிலரசிக்கு மறுபேச்சு கிடையாது. வேலைக்குப் போய்வந்த கதிர்வேலுக்கோ அந்த அறைக்குள் தலையை நீட்டக்கூடப் பயம்.

நாற்பத்து நான்கு அடித்த அந்த வியாழக்கிழமை, வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்க்கும் நர்ஸ் வந்தாள். அறைக்கதவைத் திறந்ததும் அவள் முகம் மாறியது. முதலில் குல்லாவைக் கழற்றினாள். பிறகு சுற்றிய துணி, மெத்தைச் சட்டை, ஃபிளானல் சட்டை. கடைசியில் குழந்தை வெறும் உடம்போடு அவள் கையில் கிடந்தது. கன்னம் சிவந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, எழிலரசியை வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, குழந்தையை மார்பில் போடச் சொன்னாள். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு குழந்தை பால் குடிக்கத் தொடங்கியது.

நர்ஸ் திட்டவில்லை. மெதுவாக எழிலரசியிடம் ஏதோ சொன்னாள். தமிழ்ச்செல்வி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இப்படியே மூடி வச்சிருந்தா என்ன ஆவும்னு கேளு."

எழிலரசி கேட்டுச் சொன்னாள். "பச்சப் புள்ளைக்கு ஒழுங்கா வேர்க்காதாம்கா. உள்ள சூடு ஏறிக்கிட்டே போவுமாம். அழாதாம். பால் குடிக்கறது கொறஞ்சிடுமாம். தூங்கிக்கிட்டே இருக்குமாம். நல்லாத் தூங்குதுன்னு நெனச்சி வுட்டுடுவாங்களாம்."

தமிழ்ச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் தாங்காமல் மயக்கம் வந்ததாக நினைத்து நர்ஸ் அவளுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாற்பத்தைந்து. சாயங்காலம் அந்த ஊரில் பாதிக்குக் கரண்டு போய்விட்டது. ஏசி நின்றது. ரயில் ஓடவில்லை, கதிர்வேல் எங்கோ வழியில் மாட்டிக்கொண்டார். அக்கம்பக்கத்தார் தெருவில் வந்து நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். கரண்டு போனால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நம் ஊர்க்காரிக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? தினமும் இரண்டு மணி நேரம் அதில்தானே குடித்தனம் நடத்துகிறோம்.

அவள் முந்தின நாளே ஒரு காரியம் செய்திருந்தாள். தான் கட்டிக்கொண்டு போன பழைய கைத்தறிச் சேலையை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டதை, கத்திரியால் வெட்டிக் கையாலேயே ஆறு சட்டை தைத்திருந்தாள். கை இல்லாத, கழுத்து இறங்கிய, ஊதினால் பறக்கிற சட்டை. இப்போது மீதிச் சேலையை நனைத்து வெயில் விழும் கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே கட்டினாள். குளியலறைத் தரையில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து, தாயையும் பிள்ளையையும் அங்கே படுக்கவைத்தாள். மணிக்கொரு தரம் எழிலரசிக்குச் சொம்பு நிறையத் தண்ணீர். ஈரக்கையால் குழந்தையின் உள்ளங்காலைத் துடைப்பாள், கையில் கிடைத்த அட்டையால் விசிறுவாள், மார்பில் போடுவாள். வெளியே காற்று திரும்பிக் கொஞ்சம் குளிர்ந்தது தெரிந்ததும் வீட்டின் இந்தப் பக்கச் சன்னலையும் அந்தப் பக்கச் சன்னலையும் ஒரேசமயத்தில் திறந்துவிட்டாள்.

கடலூரில் அப்போது மதியம் இரண்டரை. சாப்பிட்டு முடித்து மிஷினில் தாளைச் செருகிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது.

"புள்ள பால் குடிக்குதுங்க" என்றாள். அவ்வளவு நேரம் நடந்ததையெல்லாம் சொன்னாள். நர்ஸ் சொன்னதையும் சொன்னாள். செருகிய தாளை மிஷினிலிருந்து உருவினேன்.

"என்னங்க."

"ம்."

"நம்ம புள்ளைய சித்திரை கொல்லலங்க. நாமதான் மூடி வச்சிட்டோம். நான் இருவது வருஷமா மாசத்தக் கொற சொல்லிக்கிட்டு இருந்துருக்கேன்."

"சன்னல மூடுனது நான்தான் செல்வி."

"தெரியும். உள்ள படுத்துக்கிட்டு இருந்தவ நான். காத்து வேணும்னு எனக்குத் தோணுச்சி. வாயத் தொறந்து கேக்கல. யாரும் தெரிஞ்சி செய்யல. உங்கள ஒண்ணும் சொல்லல நான். நேத்துலேந்து இத யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சி, உங்களத் தவிர யாரு இருக்கா?"

போனை வைத்துவிட்டுக் கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்று அழுதேன். அந்தப் பக்கம் வந்த வக்கீல் குமாஸ்தா சிங்காரம், "என்ன சார், தீர்ப்பு பாதகமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்பீல் இருக்கிறது சார், கவலைப்படாதீர்கள் என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று காலண்டர் தாளில் மெல்போர்ன் நாற்பத்தைந்து என்று எழுதி, பக்கத்தில் பால் குடிக்கிறது என்றும் எழுதினேன்.

பங்குனியில் தமிழ்ச்செல்வி திரும்பி வந்தாள். ஃபிளானல் குல்லாக்கள் வீணாகிவிட்டன. அங்கே குளிர் வந்த ஆடியில் அறிவுமதியின் தலை பெரிதாகிவிட்டது, ஒன்றும் ஏறவில்லை. தைக்க வருகிற பெண்களில் யார் வீட்டிலாவது குழந்தை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் இவள் கிளம்பிவிடுவாள். மெல்லிசான மல் துணியில் ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டு, கூடவே சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வருவாள். சன்னல்கார அக்கா என்று பேரே வந்துவிட்டது. கிண்டல் செய்தவர்களில் நானும் உண்டு.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஐப்பசியில் எழிலரசி போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, திரும்பவும் உண்டாயிருக்கேன். சித்திரையில நாள் சொல்லியிருக்காங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆடி. அந்த ஆடியில் மெல்போர்னில் ஏழு டிகிரி என்று என் தாளிலேயே இருந்தது. நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

"சித்திரையா? சரி. இங்க வந்து பெத்துக்க" என்றாள் தமிழ்ச்செல்வி.

"இங்க குளுகுளுன்னு இருக்கும்கா அப்ப."

"தெரியும். நீ வா."

போனை வைத்ததும் நான் சத்தம் போட்டேன். புத்தி கெட்டுவிட்டதா, வலிய வந்து கிடைக்கிற குளிரை விட்டுவிட்டுக் கடலூர் வெயிலில் யாராவது பிள்ளை பெறுவார்களா என்றேன். அவள் கத்திரியைக் கீழே வைத்தாள்.

"ஒரு சித்திரையாவது எனக்கு நல்லபடியா வேணுங்க" என்றாள்.

மார்கழியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் வந்தது. கடலூரில் நின்ற மரத்தை விட விழுந்த மரம் ஜாஸ்தி. வீட்டுக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்த வேம்பு வேரோடு சாய்ந்தது. அதன் பிறகு கரண்டு வெட்டு நாளுக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று ஏறிவிட்டது. இந்த வருடம் வேண்டாம் என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். அவள் மொட்டைமாடியில் தென்னங்கீற்றுப் பரப்ப ஆள் பேசிக்கொண்டிருந்தாள். மாசியில் எழிலரசி மூன்று வயது அறிவுமதியோடு வந்து இறங்கினாள்.

சித்திரை பன்னிரண்டாம் தேதி ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு அழைத்து வந்து முன்னறையிலேயே கட்டில் போட்டோம். ஈர வேட்டி, மண்பானை, மல் சட்டை, விசிறி எல்லாம் தயாராக இருந்தன. நான் கோர்ட்டுக்கு லீவு போட்டுவிட்டு, குழந்தை பால் குடிக்கிறதா என்று மணிக்கு ஒரு தரம் கேட்டு எல்லோர் வாயிலும் விழுந்தேன். பதினோராம் நாள் நானும் அவளும் சாப்பிடவில்லை. ஏன் என்று எழிலரசிக்குச் சொல்லவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் சௌந்தரம் அத்தை சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். எண்பது வயது. குழந்தையைப் பார்த்து நெட்டி முறித்தாள். கட்டிலுக்கு நேரே இருந்த சன்னலைப் பார்த்ததும் குரல் மாறியது.

"பச்சப்புள்ள கெடக்கிற எடத்துல இப்படியா தொறந்து போடுவீங்க? எழுந்து சன்னல மூடுடா மாணிக்கம்."

அதே வார்த்தை. தமிழ்ச்செல்வியின் தையல் மிஷின் நின்றது. அவள் அத்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"மூட முடியாது அத்த. கதவு இல்ல" என்றேன்.

அத்தை எழுந்து போய்த் தடவிப் பார்த்தாள். கம்பி இருந்தது, கதவு இல்லை. இரண்டு கதவையும் நான் குழந்தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஸ்க்ரூவைக் கழற்றி மாடியில் கீற்றுக்கு அடியில் போட்டிருந்தேன். புயலில் கீல் துருப்பிடித்துவிட்டது, ஆசாரி வரவேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

அத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மணி ஒன்று தாண்டியதும் கடல்காற்று புறப்பட்டு வந்தது. சிதம்பரத்துக்கு அது வந்துசேர நேரமாகும். எங்களுக்குப் பக்கம். சன்னலில் கட்டிய ஈர வேட்டி உள்ளே உப்பிக்கொண்டு வந்தது. அத்தை காலை நீட்டிக்கொண்டு, "இங்க நல்லாத்தான் காத்து வருது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

தமிழ்ச்செல்வி மிஷினை விட்டு எழுந்து வந்தாள்.

"ஆசாரி வரணும்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"எப்ப வருவாராம்?"

"ஆடிக்கு மேல" என்றேன்.

அவள் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். சட்டை நனைந்திருந்தது, மாற்றச் சொன்னாள்.